ஒன்பது கட்டங்களும் ஒரு கோபுரமும்

எடின்பரோவுக்கு லண்டனிலிருந்து ரயிலில் போகிறவர்கள் வண்டியின் வலப்புறத்தில் ஜன்னலோரமாக இடம் தேடிக்கொள்வது உசிதம். கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து சுமார் 400 மைல் செல்லும் அந்தப் பாதை, முற்பகுதியில் வயலும் புல்வெளியுமாகச் சற்றே அலுப்புத் தட்டச் செய்தாலும், ஸ்காட்லாந்தின் எல்லையை நெருங்கும்போது கடலின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு, சில இடங்களில் பாறை விளிம்பிலேயே ஓடி, வடகடலின் சாம்பல் நிறத்தை நெடுநேரம் கண்ணெதிரே விரித்து வைக்கிறது. கடல் மறைந்து சிறிது நேரத்துக்கெல்லாம் வேவர்லி நிலையம் வந்துவிடும். இந்த நிலையம் அமைந்திருக்கும் இடமே ஒரு விசேஷம். முன்னாளில் ஏரியாக இருந்து பிற்காலத்தில் நீர் வடிக்கப்பட்ட ஒரு பள்ளத்தாக்கின் அடியில் அது இருக்கிறது. தெற்கே நிமிர்ந்து பார்த்தால் பழைய நகரம். வடக்கே பார்த்தால் புதிய நகரம். படியேறி வெளியே வரும் பிரயாணி எந்தப் பக்கம் திரும்பினாலும், நகர நிர்மாண சாஸ்திரத்தின் இரண்டு எதிரெதிரான கட்சிகளில் ஏதேனும் ஒன்றின் எல்லைக்குள்தான் கால்வைத்தாக வேண்டும்.

புதிய நகரம், 1766-ஆம் ஆண்டில் நடந்த ஒரு போட்டியில் வென்ற ஜேம்ஸ் கிரெய்க் என்ற இளைஞர் வரைந்த படத்தை ஆதாரமாகக் கொண்டு எழுந்தது. நேரான பெருவீதிகள், இரு கோடியிலும் சதுக்கங்கள், ஒரே சாயலில் அணிவகுத்து நிற்கும் கல் வீடுகள். எல்லாம் கம்பீரந்தான், ஆயினும் அங்கே நடப்பவனுக்கு அடுத்த திருப்பத்தில் என்ன காத்திருக்கிறது என்ற ஆவல் எழுவதில்லை. பழைய நகரமோ, கோட்டை நிற்கும் பாறையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரையில் ஏறக்குறைய ஒரு மைல் தூரம் சரிந்து இறங்கும் மேட்டின் முதுகில், மீனின் நடுமுள்ளைப் போல ஒரு பெருவீதியும், அதன் இரு மருங்கிலும் சிறு முட்களைப் போல எண்ணற்ற சந்துகளுமாகக் கிடக்கிறது. 'குளோஸ்' என்று அவ்வூரார் வழங்கும் இச்சந்துகளில் சிலவற்றில், எதிரே ஒருவர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டியிருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் இருபுறத்து மாடி வீடுகளுக்கும் நடுவே ஆகாயம் ஒரு துண்டுதான் தெரிகிறது.

ஒரு காலத்தில் பிரபுவும் பிரபுவுக்குச் செருப்புத் தைப்பவரும் ஒரே கட்டடத்தின் வெவ்வேறு தளங்களில் குடியிருந்த ஊர் அது. புதிய நகரம் எழுந்தபின் வசதியுள்ளவர்கள் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய்விட, அவர்கள் விட்டுச்சென்ற அறைகளை ஏழைகள் துண்டுதுண்டாகப் பங்கிட்டுக்கொண்டு நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1861-ஆம் ஆண்டில் பெருவீதியில் ஒரு மாடி வீடு நள்ளிரவில் இடிந்து விழுந்து 35 பேர் மாண்டனர். அதன் பின்பு நகரத்தின் சுகாதார அதிகாரி ஹென்றி லிட்டில்ஜான் 1865-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். 1867-இல் சட்டம் வந்தது. சந்துகள் பலவற்றை இடித்துத் தள்ளி அகலமான வீதிகள் வெட்டப்பட்டன. காற்றும் வெளிச்சமும் வந்தது வாஸ்தவம். ஆனால் இடிபட்ட வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால், இடிபடாமல் எஞ்சிய வீடுகளில் இன்னும் நெருக்கமாகப் போய்ப் புகுந்தார்கள் என்பதுதான் பதில்.

நான் எடின்பரோவுக்குச் சென்றது கோட்டையைப் பார்க்கும் நோக்கத்தோடு அன்று. நகர நிர்மாணம் கற்கும் மாணவர்களுக்கு, ஒரு சிக்கலைக் கண்டால் அதற்குப் புதிய உபாயம் காணும் சக்தியைப் போதிக்க முடியுமா, முடியுமானால் எவ்வாறு போதிப்பது என்பது நெடுநாளாக என் மனத்தில் இருந்துவரும் வினா. நம் கலாசாலைகளிலும் பிற தேசத்துக் கலாசாலைகளிலும் நான் சந்தித்த மாணவர்கள் படம் வரைவதில் சூரர்களாக இருக்கிறார்கள். ஆனால் நெரிசலான ஒரு கடைத்தெருவைக் காட்டி இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், சொல்லிவைத்தாற்போல எல்லாரும் சாலையை அகலமாக்கு, மேம்பாலம் கட்டு, நடைபாதை வியாபாரிகளை அப்புறப்படுத்து என்று மூன்றே மருந்துகளை நீட்டுகிறார்கள். இந்த வறட்சிக்குப் பரிகாரம் கண்டவர் என்று நான் கேள்விப்பட்டிருந்த ஒருவர், கட்டடக் கலைஞரும் அல்லர், பொறியாளரும் அல்லர், தாவர சாஸ்திரி. அவர் பெயர் பாட்ரிக் கெடிஸ்.

1854-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் பல்லட்டர் என்னும் ஊரில் பிறந்து, பெர்த் நகரத்தில் ஒரு குன்றின் மேலிருந்த வீட்டில் வளர்ந்து, லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவர் கெடிஸ். வீட்டைச் சுற்றியிருந்த குன்றுகளிலும் ஆற்றங்கரையிலும் தந்தையோடு நடந்த நடைகளே தம் முதற்கல்வி என்று கருதியவர். 1879-இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோவுக்குப் போன இடத்தில் அவருக்குக் கண்பார்வை மங்கி, வாரக்கணக்கில் இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. பூதக்கண்ணாடியையே நம்பிப் பிழைத்த விஞ்ஞானிக்கு இதைவிடப் பெரிய சோதனை வேறென்ன இருக்க முடியும்? அந்த இருட்டில் ஒரு நாள் ஜன்னலின் கண்ணாடிச் சட்டங்களை விரல்களால் தடவிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு கருத்தை வைத்து, அடுத்தடுத்த சட்டங்களின் உறவை ஆராய்ந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. பார்வை மீண்டபின் ஜன்னலுக்குப் பதில் காகிதத்தை எடுத்துக்கொண்டார். குறுக்கும் நெடுக்குமாக மடித்த காகிதத்தைச் சிந்திக்கும் யந்திரம் என்று அழைத்து, ஆயுள் முழுவதும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

1886-இல் அன்னா மார்ட்டனை மணந்தவுடன் இவர் செய்த காரியம் உறவினரைத் திடுக்கிடச் செய்தது. புதிய நகரத்தின் வசதியான வீட்டை விட்டுப் பழைய நகரத்தின் ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்தில், அழுக்கும் நோயும் மண்டிய மாடி வீட்டில் தம்பதியர் குடியேறினார்கள். தத்துவ ஞானி டேவிட் ஹியூம் ஒரு காலத்தில் வாழ்ந்த முற்றம் அது. கெடிஸ் வந்தபோது அந்தப் பெருமையின் சுவடு எதுவும் மிச்சமில்லை. அண்டை வீட்டாரைக் கூட்டிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜன்னலில் பூந்தொட்டி வைத்தார்கள். பாழடைந்த ஒரு பகுதியை மட்டும் இடித்து வெளிச்சத்துக்கு வழி செய்தார்கள். அருகிலேயே மாணவர்கள் தாங்களே நிர்வகித்துக்கொள்ளும் விடுதிகளை 1887 முதல் அமைத்தார்கள். உபதேசம் செய்யுமுன் குடியிருந்து பார்ப்பது என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் கைவரக்கூடிய முறை அன்று. அன்னா அம்மையாரின் பொறுமையும் அதற்கு வேண்டியிருந்தது.

பெருவீதி கோட்டையைத் தொடும் இடத்தில் நிற்கிறது கெடிஸின் கோபுரம். மரியா ஷார்ட் என்ற பெண்மணி 1850-களில் ஒரு பழைய மாடி வீட்டின்மேல் தளங்களை எழுப்பி, உச்சியில் காமிரா அப்ஸ்கூரா என்னும் இருட்டறைக் கருவியைப் பொருத்தி, ஜனங்களுக்குக் காட்டிவந்தார். 1892-இல் அது கெடிஸின் கைக்கு வந்தது. இன்று அக்கட்டடத்தில் கண்ணைக் கட்டும் மாயக் காட்சிகளும் வளையும் கண்ணாடிகளும் நிறைந்த ஒரு கேளிக்கைச் சாலை நடக்கிறது. குழந்தைகளின் கூச்சல் தளத்துக்குத் தளம் நம்மைத் துரத்துகிறது. இதைப் பார்த்து முகம் சுளிக்கும் அறிஞர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேளிக்கையும் கல்வியும் ஒரே படிக்கட்டில் ஏறுவதில் கெடிஸுக்கு ஆட்சேபம் இருந்திருக்காது.

அந்தப் படிக்கட்டிலேயே அவருடைய போதனை தொடங்கிவிட்டது. வருகிறவர்களை எந்தத் தளத்திலும் நிற்க விடாமல், பேச்சுக் கொடுத்துக்கொண்டே, மூச்சிரைக்க இரைக்க உச்சிக்கு விரட்டிக்கொண்டு போவாராம். இரத்தம் வேகமாக ஓடும்போதுதான் மனமும் கண்ணும் கூர்மையடைகின்றன என்பது உயிரியல் படித்த அந்த மனிதரின் சித்தாந்தம். நானும் ஏறினேன். உச்சியில் இருள். நடுவே குழிந்த வெள்ளை மேஜை ஒன்று. மேலேயுள்ள கண்ணாடியும் வில்லையும் வெளியிலிருந்து கொண்டுவரும் பிம்பம் அதன்மேல் விழுகிறது. காட்டுகிறவர் ஒரு கோலைத் திருப்பத் திருப்ப, நகரம் முழுவதும் நிறத்தோடும் அசைவோடும் மேஜையில் மெல்ல நகர்ந்து போகிறது. புகைப்படமாயின் அசையாது, சினிமாவாயின் நேற்று எடுத்ததாக இருக்கும், இதுவோ இந்த நிமிஷத்து ஊர். காட்டியவர் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை என் கையில் கொடுத்து, தெருவில் நடந்துகொண்டிருந்த ஒருவரின் பிம்பத்தின் கீழே அதை வைத்து மெதுவாக உயர்த்தச் சொன்னார். குடை பிடித்த அந்த மனிதர் என் காகிதத்தின்மேல் ஏறி, இரண்டடி நடந்து, மறு விளிம்பில் இறங்கி, மறுபடியும் மேஜைத் தெருவில் போய்விட்டார். எத்தனையோ வரைபடங்களைக் கண்டிருக்கிறேன். படத்திலுள்ள ஆள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போவதை அன்றுதான் கண்டேன்.

கெடிஸ் காலத்தில் இந்தக் காட்சிக்குப் பிறகு மொட்டை மாடியில் நின்று வெறுங்கண்ணால் சுற்றுப்புறத்தைப் பார்க்கவைப்பார்கள். பின்னர் ஒற்றை நாற்காலி மட்டும் போட்ட ஒரு சிறு அறை, கண்டதை மனத்துக்குள் அசைபோட. அதன் பிறகே தளந்தளமாக இறக்கம்: முதலில் எடின்பரோ, அதற்குக் கீழே ஸ்காட்லாந்து, அடுத்து ஆங்கிலம் வழங்கும் தேசங்கள், அப்புறம் ஐரோப்பா, தரைத்தளத்தில் உலகம். மற்றக் கலாசாலைகள் உலகத்தில் ஆரம்பித்து உள்ளூருக்கு வருவதற்குள் ஆண்டு முடிந்துவிடுகிறது. இங்கே காலடியிலுள்ள தெரு முதற்பாடம், உலகம் கடைசிப் பாடம். சார்ல்ஸ் ஜூப்ளின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1899-இல் இக்கோபுரத்தைப் பற்றி எழுதியபோது, சமூகவியலுக்கு உலகில் ஏற்பட்ட முதல் ஆய்வுக்கூடம் என்று வருணித்தார். பிரிட்டனில் நகர நிர்மாணத்துக்கென்று முதல் கல்விப் பிரிவு லிவர்பூலில் ஏற்பட்டதே 1909-இல்தான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

கோபுரத்திலிருந்து இறங்கிச் சில நிமிஷம் நடந்தால் ரிடில்ஸ் கோர்ட் என்ற பழைய முற்றம் வருகிறது. கெடிஸ் மாணவர் விடுதியாக மாற்றிய கட்டடங்களில் இதுவும் ஒன்று. இப்போது அவர் பெயராலேயே ஒரு கல்வி நிலையமாக விளங்குகிறது. வாழ்ந்தே கற்கிறோம் என்று பொருள்படும் லத்தீன் வாசகம் வளைவின் மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்த வீட்டைக் கட்டிய வணிகரும் நகரப் பிரமுகருமான ஜான் மக்மோரன் கதையை அவ்வூரார் சொல்லாமல் விடுவதில்லை. 1595-இல் விடுமுறை தர மறுத்ததற்காகப் பள்ளிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைக் கைப்பற்றிக் கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். சமாதானம் செய்யப் போன இவரை ஒரு மாணவன் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றுவிட்டான். மாணவர்களின் உற்சாகத்தைத் தூண்டும் கல்வி முறைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வீட்டு வாசலில் சற்றுத் தயங்கி நிற்பது நல்லது.

ஒரு நண்பர் எழுதிக்கொடுத்த அறிமுகக் கடிதத்தின் பலனாக, நகர நிர்மாண மாணவர் கூட்டமொன்று அந்த முற்றத்தில் நடத்திய பயிற்சியைக் கூட இருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஆசிரியை நடுத்தர வயதினர். சிரிக்காமலே வேடிக்கை பேசும் ஸ்காட்லாந்துக்காரி. மாணவர்கள் பல தேசத்தவர். அவர்களுள் ஒரு பெண், நான் உள்ளே வந்ததைக் கண்டதும் எழுந்துவந்து, "தமிழ்நாடா சார் நீங்க?" என்றாள். "ஆமாம் அம்மா, உனக்கு எந்த ஊர்?" என்றேன். "கோயம்புத்தூர் பக்கம் சார். இங்கே வந்த நாளா மழையும் படிக்கட்டுந்தான்" என்று சிரித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அன்றைய சிக்கல் இதுதான். பெருவீதியிலிருந்து தெற்கே சரிந்து கௌகேட் என்னும் தாழ்ந்த தெருவில் முடியும் ஒரு சந்தின் வாயில், குடியிருப்போரின் குப்பைத் தொட்டிகளும் உணவு விடுதிகளின் தொட்டிகளுமாக அடைத்துக்கொண்டு நிற்கின்றன; வெளியூர்ப் பிரயாணிகள் கூட்டமோ ஓயாத கூட்டம்; சந்தில் வாழ்பவர்கள் புகார் மேல் புகார் எழுதுகிறார்கள். என்ன செய்யலாம்? முதல் பத்து நிமிஷத்தில் மாணவர்கள் சொன்ன யோசனைகளை நானே சொல்லியிருப்பேன்: தொட்டிகளை அகற்றுவது, பிரயாணிகளைத் தடுக்க வாயிற்கதவு போடுவது, பக்கத்திலுள்ள ஒரு பழைய கொட்டகையை இடித்து இடம் பண்ணுவது. ஆசிரியை எதையும் மறுக்கவில்லை; எல்லாவற்றையும் எழுதி ஓர் உறையிலிட்டு மூடிவைத்தார். பிறகு, எதையும் இடிக்கக் கூடாது, குடியிருப்பவர் யாரையும் துரத்தக் கூடாது, செலவும் குறைவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்து, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, நெடுக்கில் மூன்றாகவும் குறுக்கில் மூன்றாகவும் மடிக்கச் சொன்னார்.

பிரித்தால் ஒன்பது கட்டங்கள். இடம், தொழில், மக்கள் என்ற மூன்றையும் மூலைவிட்டமாக மூன்று கட்டங்களில் எழுத வேண்டும். பிரெஞ்சு சமூகவியல் அறிஞர் லெ பிளேயின் பகுப்பை ஒட்டிக் கெடிஸ் வகுத்துக்கொண்ட மும்மை இது. எஞ்சிய ஆறு கட்டங்களில்தான் சூட்சுமம் இருக்கிறது. இடம் தொழிலை எப்படி ஆக்குகிறது, தொழில் இடத்தை எப்படி மாற்றுகிறது, மக்கள் தொழிலுக்கு என்ன தருகிறார்கள், தொழில் மக்களை என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு இருவகையாக இணைத்துப் பார்த்துக் கட்டத்தை நிரப்ப வேண்டும். ஊகத்தால் நிரப்பக் கூடாது, சந்தில் போய்க் கண்டு வந்தே நிரப்ப வேண்டும். வெறுங்கட்டம் கண்ணை உறுத்துகிறது. தாம் கேட்கத் தவறிய கேள்வி எது என்பதை ஆசிரியர் சுட்டிக்காட்டாமலே தாள் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மாணவர்கள் மழையில் போனார்கள், நனைந்து வந்தார்கள், மறுபடி போனார்கள். கோவைப் பெண்ணின் தாளில் தொழிலும் இடமும் கூடும் கட்டம் வெகுநேரம் காலியாகவே இருந்தது. பிறகு அதில் பொடி எழுத்தில் ஒரு செய்தி ஏறிற்று: குப்பை வண்டி மேலேயுள்ள பெருவீதிக்குத்தான் வருகிறது; அதனால் சந்தின் அடிப்பகுதியில் இருப்பவர்களும் தங்கள் குப்பையைப் படியேறிச் சுமந்து மேல்வாயிலுக்கே கொண்டுவருகிறார்கள்; ஆனால் கீழே கௌகேட்டிலும் வண்டி போகிறது. அப்படியானால் அவர்கள் ஏன் கீழே இறங்குவதில்லை? கீழ்க்கோடியில் ஓர் இரும்புக் கதவு பூட்டிக் கிடக்கிறது. சந்தை நடுவில் ஒரு கற்பனைக் கோட்டால் இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பாதியார் கீழேயும் மேற்பாதியார் மேலேயும் கொண்டுபோனால் வாயிலில் தொட்டிகள் பாதியாகிவிடும் என்று அவள் எழுதியிருந்தாள். ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கவில்லை. உறையைப் பிரித்துப் பழைய யோசனைகளைப் படித்தபோது மாணவர்களே சிரித்துவிட்டார்கள்.

தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு யோசனைகளை மட்டும் குவிக்கும் முறையை உலகெங்கும் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் தொழில் நிபுணர். 1953-இல் வெளிவந்த அவருடைய நூலுக்குப்பின் அது கலாசாலைகளிலும் புகுந்தது. ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற ஸ்விட்சர்லாந்து வம்சத்து வானவியல் அறிஞர், ஒரு பிரச்சினையின் கூறுகளையெல்லாம் பெட்டி பெட்டியாகப் பிரித்து, எந்தக் கூறும் எந்தக் கூறோடும் சேர்ந்தால் என்னவாகும் என்று பார்க்கும் ஒரு முறையை வகுத்தார். இரண்டும் நகர நிர்மாண வகுப்புகளில் இன்று பழக்கத்தில் உள்ளவையே. வண்ணத் தாள் துண்டுகளைச் சுவரெல்லாம் ஒட்டிவைத்திருப்பதை எங்கும் காணலாம். என் அபிப்பிராயத்தில், விளம்பரக்காரருக்கு நூறு யோசனைகளில் தொண்ணூற்றொன்பது வீணானாலும் நஷ்டமில்லை; நகரத்திலோ ஒவ்வொரு யோசனையும் யாருடைய கூரையின் மேலேனும் போய் விழுகிறது. ஆகவே யோசனைகளைக் குவிக்கும் விருந்துக்கு முன்னால் கெடிஸின் படிக்கட்டும் ஒன்பது கட்டங்களும் வேண்டியிருக்கின்றன. இடிக்காதே, குடியிருப்பவனைத் துரத்தாதே, செலவைக் குறை என்று கைகளைக் கட்டிப்போட்ட பிறகுதான் அந்த மாணவர்களின் புத்தி வேறு வழி தேடத் தொடங்கியது என்பதை என் கண்ணால் கண்டேன்.

கெடிஸிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. தாடிக்குள்ளேயே முணுமுணுத்து மணிக்கணக்கில் பேசுவார். பாதிக்குமேல் யாருக்கும் காதில் விழாது. ஒன்பது கட்டங்கள் போதாமல் 36 கட்டங்களாக அவர் வளர்த்துக்கொண்டுபோன வாழ்க்கைக் குறியீட்டுப் படத்தைப் பொறுமையோடு படித்து முடித்தவர்கள் சொற்பம். தொடங்கிய காரியங்களை முடிக்கும் வேலை பெரும்பாலும் மற்றவர்கள் தலையில் விழுந்தது. ஆனால் பழைய நகரத்தில் சும்மா கிடந்த மூலைமுடுக்குகளை அவரும் அவருடைய கோபுரத்துச் சகாக்களும் கணக்கெடுத்து, 75 துண்டு நிலங்கள், எல்லாம் சேர்ந்து 10 ஏக்கர் என்று கண்டுபிடித்து, அவற்றில் சிலவற்றைச் சிறுவர் தோட்டங்களாக்கியது பேச்சோடு நிற்கவில்லை. தோட்டங்களை அமைப்பதில் அவர் மகள் நோரா முன்னின்றார். கோட்டைக்குக் கீழே ஜான்ஸ்டன் டெரஸ் சரிவில் அவற்றுள் ஒன்று இன்றும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வனவிலங்கு அறக்கட்டளை பாதுகாக்கும் இடங்களுள் மிகச் சிறியது அது.

இந்த மனிதர் நம் நாட்டுக்கு வந்த கதை ஒரு யுத்தத்தோடு பின்னிக்கிடக்கிறது. சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த பென்ட்லண்ட் பிரபு அழைத்ததன்பேரில் 1914-இல் கெடிஸ் புறப்பட்டார். ஐரோப்பாவில் பரிசு பெற்ற அவருடைய நகரக் கண்காட்சியின் படங்களும் மாதிரிகளும் 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலில் தனியே வந்தன. செப்டம்பர் 22-இல் சென்னைக் கரையைக் குண்டு வீசிக் கலக்கிய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அக்டோபரில் இக்கப்பலையும் கடலில் மூழ்கடித்தது. பல ஆண்டுகளின் சேகரம் அனைத்தும் போயிற்று. நண்பர்கள் அவசரம் அவசரமாகப் படங்கள் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னை செனட் ஹவுஸில் கண்காட்சி திறக்கப்பட்டுவிட்டது.

தஞ்சாவூர், மதுரை, பல்லாரி முதலிய ஊர்களைப் பற்றி அவர் அப்போது எழுதிய குறிப்புகள் இன்றும் வகுப்புகளில் பாடமாகின்றன. தஞ்சைக் கோட்டைக்குள் நெருக்கமான ஒரு பகுதியில் நேர்கோட்டுச் சாலைகளைப் போட முன்வைக்கப்பட்டிருந்த திட்டத்தையும், தம் மாற்று யோசனையையும் பக்கத்தில் பக்கத்தில் அவர் வரைந்து காட்டினார். முதல் படத்தில் வீடுகள் வரிசை வரிசையாக மறைகின்றன. இரண்டாவதில் பாழடைந்த சில வீடுகள் மட்டும் அகன்று, அந்த இடங்கள் மரம் நட்ட சிறு முற்றங்களாக ஒன்றோடொன்று இணைகின்றன. ரணசிகிச்சையில் எவ்வளவு குறைவாக அறுக்க முடியுமோ அவ்வளவு குறைவாக அறுப்பது என்பதே அவர் கொள்கை. கொசு வளர்கிறது என்று குளங்களைத் தூர்க்கப் புறப்பட்ட சுகாதார அதிகாரிகளுக்கு, மீனையும் வாத்தையும் குளத்தில் விடுங்கள் என்று பதில் சொன்னவரும் இவரே. வீதியை நேராக்குவதையே முன்னேற்றம் என்று கருதிய பொறியாளர்களுக்கு இவர் கண்ணில் குத்திய முள்ளாக இருந்ததில் ஆச்சரியம் என்ன?

ஆயினும் அவருடைய உபாயங்களில் சிகரமானது இந்தூரில் நடந்தது. வரைபடமும் கையுமாகச் சந்து சந்தாக அலைந்த இந்தக் கிழவரைக் கண்டு, வீட்டை இடிக்க வந்தவன் என்று ஜனங்கள் அஞ்சி ஒதுங்கினார்கள். ஊரில் பிளேக் வேறு. கெடிஸ் மகாராஜாவிடம் போய், ஒரு நாளைக்கு ராஜாவாக இருக்கும் அதிகாரத்தைத் தமக்குத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். தீபாவளி ஊர்வலம் இம்முறை வழக்கமான வீதிகளில் போகாது. எந்த வீதியில் வீடுகள் மிகுதியாகச் சுத்தம் செய்யப்பட்டிருக்கின்றனவோ அந்த வீதியில்தான் போகும் என்று அறிவிப்பு வந்தது. குப்பையை இலவசமாக வாரிக்கொண்டுபோக ஏற்பாடாயிற்று. ஊர் முழுவதும் துடைப்பமும் சுண்ணாம்புமாகக் கிளம்பிவிட்டது. ஊர்வலத்தில் லட்சுமி வந்தாள். அழுக்கு அரக்கனும் பிளேக்கைக் கொண்டுவரும் பிரம்மாண்டமான எலியும் வந்தன. அவற்றைத் தொடர்ந்து ஊரின் துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை வெளேரென்று புத்தாடை உடுத்து, துடைப்பங்களில் பூச்சூட்டி, தலை நிமிர்ந்து நடந்தார்கள். முடிவில் அரக்கனையும் எலியையும் கொளுத்தினார்கள். ஜனங்களுக்குத் துளசிச் செடிகள் வழங்கினார்கள். இந்தூர் தர்பாருக்கு 1918-இல் அவர் கொடுத்த அறிக்கை இரண்டு பெரிய பாகங்கள். அதைப் படித்தவர்களைக் காட்டிலும் அந்த ஊர்வலத்தால் கற்றவர்களே அதிகம் என்று தயங்காமல் சொல்லலாம். அவர் அங்கே சட்டம் போடவில்லை, அபராதம் விதிக்கவில்லை. ஏற்கனவே ஊரில் இருந்த பண்டிகையின் பாதையை மட்டும் மாற்றினார்.

பின்னர் பம்பாய் சர்வகலாசாலையில் 1919 முதல் 1924 வரை சமூகவியலும் குடிமையும் போதித்துவிட்டு, பிரான்சின் மான்பெல்லியேயில் ஒரு கல்லூரியைக் கட்டத் தொடங்கி, 1932-இல் அங்கேயே காலமானார். இந்தியாவில் அவர் பணி செய்துகொண்டிருந்த 1917-ஆம் ஆண்டிலேயே மூத்த மகன் யுத்த களத்திலும் மனைவி இந்நாட்டிலும் மறைந்தார்கள் என்பதை, அவர் குறைகளைப் பட்டியலிடுகிறவர்கள் சேர்த்தே எண்ண வேண்டும்.

இந்தூர்க் கதையை ரிடில்ஸ் கோர்ட் மாணவர்களுக்கு ஆசிரியை சொல்லி முடித்தபோது மழை விட்டிருந்தது. கோவைப் பெண்ணின் தாள் மேஜைமேல் கிடந்தது. ஆசிரியை அதை எடுத்துப் பார்த்து, "அந்தக் கீழ்க்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டார். நகரசபையிடம் என்றான் ஒருவன். மூலையிலுள்ள மதுக்கடைக்காரரிடம் என்றாள் மற்றொருத்தி. இரண்டும் ஊகம். "இருட்டுவதற்கு இன்னும் நேரமிருக்கிறது" என்றார் ஆசிரியை. "நீங்களும் வாங்க சார், படி கொஞ்சம் வழுக்கும்" என்று அந்தப் பெண் முன்னே நடந்தாள். சந்தின் அடியில் கடைசிக்கு முந்தின வீட்டில் ஒரு மூதாட்டி கதவைத் திறந்தார். சாவி அவரிடந்தான் இருந்தது. குடிகாரர் தொல்லைக்காக வருஷக்கணக்காக அவரே பூட்டிவருகிறாராம், இதுவரை யாரும் வந்து கேட்டதில்லையாம். காலையில் திறந்து வைக்கத் தமக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் கதவருகே ஒரு விளக்குப் போட்டால்தான் என்றார். மக்களும் இடமும் கூடும் கட்டத்தில் அந்தப் பெண் 'விளக்கு' என்று எழுதி, அதற்கு யார் பணம் கொடுப்பது என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டாள்.